இஸ்ன்ட் இட் மட்டும் போதுமா?

(நமது அறக்கட்டளையின் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பில், மாணவ மாணவியரும் பெற்றோர்களும் சேர்ந்து அமர்ந்த அமர்வில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வீட்டுப் பெரியவர்களும் வாசித்துப் பிள்ளைகளோடு பழக வேண்டும் என்பதற்காக ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஆங்கில இலக்கணத்தில் மிகச் சின்ன ஒரு பகுதி. பள்ளிக்கூடத்தில் அதைக் ‘கொஸ்டின் டேக்’ என்பார்கள். ஒரு செய்தியைச் சொல்லி முடித்து, அதன் வாலில் இரண்டே சொல்லில் ஒரு கேள்வியை ஒட்டுகிறோமே, அதுதான். “ஹீ இஸ் எ டாக்டர், இஸ்ன்ட் ஹீ?” – ‘அவர் டாக்டர், இல்லையா?’

இதற்குப் போய் ஒரு தனி வகுப்பா என்று சிலர் நினைக்கலாம். பரீட்சையில் இது ஒரு மார்க், இரண்டு மார்க் கேள்வி. பிள்ளைகள் அந்த மார்க்கை வாங்கியதோடு இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் படிப்பு முடிந்து வெளியே போகும்போது, இந்த இரண்டு சொல் ஆஸ்பத்திரியிலும், விசா கவுண்டரிலும், வேலைக்கான நேர்காணலிலும் அவர்கள் முன்னால் வந்து நிற்கிறது. அங்கே தவறினால் போவது மார்க் அல்ல. சொன்ன பதிலே தலைகீழாகப் போய்ச் சேர்ந்துவிடும். அது எப்படி என்பதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம். முதலில் அடிப்படையைச் சரிசெய்துகொள்வோம்.

நம் பழக்கம் எங்கிருந்து வந்தது?

தமிழில் நமக்கு இந்த வேலை ரொம்பச் சுலபம். “நீ நாளைக்கு வர்றே, இல்லையா?” “அவங்க நேத்து ஊருக்குப் போனாங்க, இல்லையா?” “உங்களுக்கு நீச்சல் தெரியும், இல்லையா?” ஆள் மாறுகிறது, காலம் மாறுகிறது, வினை மாறுகிறது. ‘இல்லையா’ மட்டும் மாறுவதே இல்லை. ‘தானே’, ‘அல்லவா’ இரண்டும் அப்படித்தான்.

அரபியில் ‘அலைஸ கதாலிக்’ என்று ஒரே தொடர் எல்லா இடத்துக்கும் பொருந்தும். உருதுக்காரர்கள் ‘ஹை நா’ என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ‘நெஸ் பா’ என்பார்கள். இப்படி உலகத்தில் பல மொழிகள் ஒரே வாலை எல்லா வாக்கியத்துக்கும் ஒட்டுகின்றன. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் நுழையும்போது நாமும் ஒரே வாலைத் தேடுகிறோம். கையில் கிடைப்பது ‘இஸ்ன்ட் இட்’. அதனால்தான் “யூ ஆர் கமிங் டுமாரோ, இஸ்ன்ட் இட்?”, “தே வென்ட் யெஸ்டர்டே, இஸ்ன்ட் இட்?” என்று நம் நாடு முழுவதும் கேட்கிறோம்.

இப்படிப் பேசுகிற யாரையும் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. லண்டன் இளைஞர்களே ‘இன்னிட்’ என்ற ஒரே சொல்லை எல்லா வாக்கியத்துக்கும் பின்னால் போட்டுப் பேசுகிறார்கள். நண்பர்களுக்குள் பேச்சு ஓடிவிடும். ஆனால் பரீட்சைத் தாளிலும், அலுவலகக் கடிதத்திலும், ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்விலும் அது பிழையாகவே எண்ணப்படும். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நடக்கிறது. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்கையும் சமமாக வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். இந்தச் சின்ன வால், இலக்கணத்திலும் வருகிறது, உச்சரிப்பிலும் வருகிறது.

மூன்றே கேள்விகள்

விதி என்று பத்துப் பக்கம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு வாக்கியம் கையில் வந்ததும் நமக்கு நாமே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும்.

முதல் கேள்வி: இதில் துணைவினை எது? இஸ், ஆர், வாஸ், வேர், ஹேவ், ஹேஸ், ஹேட், கேன், குட், வில், வுட், ஷுட், மஸ்ட் – இவற்றில் ஒன்று வாக்கியத்தில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வி: வாக்கியம் உடன்பாடா, எதிர்மறையா? உடன்பாடாக இருந்தால் வால் எதிர்மறை. எதிர்மறையாக இருந்தால் வால் உடன்பாடு. தராசின் இரண்டு தட்டு மாதிரி, ஒன்று மேலே போனால் மற்றது கீழே இறங்கும்.

மூன்றாவது கேள்வி: யாரைப் பற்றிய பேச்சு? பெயரை வாலில் திரும்பச் சொல்லக் கூடாது. அஹ்மத் என்றால் ‘ஹீ’, ஆயிஷா என்றால் ‘ஷீ’, பிள்ளைகள் என்றால் ‘தே’, பொருள் என்றால் ‘இட்’.

பொருத்திப் பார்ப்போம்.

“அஹ்மத் கேன் டிரைவ், கான்ட் ஹீ?” – துணைவினை ‘கேன்’, வாக்கியம் உடன்பாடு, ஆள் ஆண்.
“ஆயிஷா ஹேஸ்ன்ட் கம், ஹேஸ் ஷீ?” – ‘ஹேஸ்ன்ட்’ எதிர்மறை, ஆகவே வால் ‘ஹேஸ்’.
“தி சில்ட்ரன் வேர் டயர்ட், வேர்ன்ட் தே?”
“யூ வோன்ட் ஃபர்கெட், வில் யூ?”

இனி, துணைவினையே இல்லாத வாக்கியம் வந்தால்? “ஹீ வொர்க்ஸ் இன் துபாய்.” இதில் இஸ்ஸும் இல்லை, ஹேஸும் இல்லை. நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிற இடம் இதுதான். இங்கே மறைந்திருக்கும் ‘டூ’ குடும்பத்தை வெளியே கொண்டுவர வேண்டும். நிகழ்காலத்தில் ‘டூ’ அல்லது ‘டஸ்’, இறந்த காலத்தில் ‘டிட்’.

“ஹீ வொர்க்ஸ் இன் துபாய், டஸ்ன்ட் ஹீ?”
“யூ லைக் டீ, டோன்ட் யூ?”
“தே வென்ட் யெஸ்டர்டே, டிட்ன்ட் தே?”

எது மறைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. அந்த வாக்கியத்தை மனதுக்குள் எதிர்மறையாக்கிப் பாருங்கள். ‘தே வென்ட்’ என்பதை எதிர்மறையாக்கினால் ‘தே டிட்ன்ட் கோ’. அந்த ‘டிட்ன்ட்’தான் உங்களுக்கு வேண்டிய வால்.

தடுக்கி விழும் இடங்கள்

மூன்று கேள்வியும் தெரிந்த பிள்ளைகள்கூடச் சில இடங்களில் சறுக்குகிறார்கள். பரீட்சையில் கேட்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

‘நாட்’ இல்லாமலேயே எதிர்மறையாக இருக்கும் வாக்கியங்கள் உண்டு. நெவர், ஹார்ட்லி, செல்டம், நோபடி, நத்திங் – இவற்றில் ஒன்று வந்தால் வாக்கியம் எதிர்மறைதான். “ஹீ நெவர் ஸ்மோக்ஸ், டஸ் ஹீ?” “ஷீ ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஷீ?” ‘ஃப்யூ’, ‘லிட்டில்’ தனியாக வந்தால் ‘அனேகமாக இல்லை’ என்று பொருள், வால் உடன்பாடு. முன்னால் ‘எ’ சேர்ந்து ‘எ ஃப்யூ’, ‘எ லிட்டில்’ ஆகிவிட்டால் ‘கொஞ்சம் உண்டு’ என்று பொருள், வால் எதிர்மறை. ஓர் எழுத்து வந்ததும் தராசு சாய்ந்துவிடுகிறது.

எவ்ரிபடி, சம்படி, நோபடி – இந்தச் சொற்கள் ஒருமை போலத் தெரிந்தாலும் வாலில் ‘தே’ வரும். “எவ்ரிபடி ஹேஸ் ஈட்டன், ஹேவ்ன்ட் தே?” “நோபடி கேம், டிட் தே?” ஆனால் ‘நத்திங்’, ‘எவ்ரிதிங்’ பொருளைக் குறிப்பதால் ‘இட்’. “நத்திங் ஹேப்பன்ட், டிட் இட்?”

‘ஐ ஆம்’ என்று தொடங்கினால் வால் ‘ஆர்ன்ட் ஐ’. “ஐ ஆம் லேட், ஆர்ன்ட் ஐ?” கேட்க விநோதமாக இருக்கும். ‘ஆம்’ஐயும் ‘நாட்’ஐயும் சேர்த்துச் சுருக்கிய வடிவம் பொது ஆங்கிலத்தில் வழக்கில் இல்லை, அதனால் ‘ஆர்ன்ட்’டைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். ‘ஐ ஆம் நாட்’ என்றால் சிக்கல் இல்லை: “ஐ ஆம் நாட் லேட், ஆம் ஐ?”

‘லெட்ஸ்’ என்றால் ‘ஷல் வி’. “லெட்ஸ் கோ, ஷல் வி?” கட்டளை வாக்கியம் என்றால் ‘வில் யூ’. “க்ளோஸ் தி டோர், வில் யூ?” இதில் ஒரு மரியாதைச் சங்கதியும் இருக்கிறது. இந்த ‘வில் யூ’ வீட்டில் தம்பியிடம் சொல்லலாம். ஆசிரியரிடமோ அதிகாரியிடமோ சொன்னால் அதட்டலாகக் கேட்கும். அங்கே வாலை விட்டுவிட்டு, “குட் யூ ப்ளீஸ் க்ளோஸ் தி டோர்?” என்று முழுக் கேள்வியாகவே கேட்பதுதான் அடக்கம்.

‘தேர்’ என்று தொடங்கினால் வாலிலும் ‘தேர்’ வரும். “தேர் இஸ் எ பஸ் அட் டென், இஸ்ன்ட் தேர்?” திஸ், தட் வந்தால் வாலில் ‘இட்’, தீஸ், தோஸ் வந்தால் ‘தே’.

சுருக்கமாகச் சொல்லும்போது ஒரே ஒலிக்குள் இரண்டு சொல் ஒளிந்திருக்கும். ‘ஹீஸ்’ என்பது ‘ஹீ இஸ்’ ஆகவும் இருக்கலாம், ‘ஹீ ஹேஸ்’ ஆகவும் இருக்கலாம். “ஹீஸ் கமிங் டுடே, இஸ்ன்ட் ஹீ?” “ஹீஸ் ஆல்ரெடி கம், ஹேஸ்ன்ட் ஹீ?” பின்னால் வரும் வினையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதேபோல “யூட் லைக் சம் டீ, வுட்ன்ட் யூ?”, ஆனால் “யூட் பெட்டர் கோ, ஹேட்ன்ட் யூ?”

‘ஐ திங்க்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் வால் ‘ஐ’க்கு இல்லை. “ஐ திங்க் ஹீ இஸ் சிக், இஸ்ன்ட் ஹீ?” நினைப்பது நாம்தான் என்பதில் சந்தேகமில்லையே. சந்தேகம் அவர் உடல்நிலையைப் பற்றியது. எதில் சந்தேகமோ அங்கேதான் வால் ஒட்டும்.

எழுதும்போது நான்கு விஷயம்: வாலுக்கு முன்னால் கமா, வால் சின்ன எழுத்தில் தொடக்கம், சுருக்கத்தில் மேற்குறி, முடிவில் கேள்விக்குறி. விடை சரியாக இருந்தும் கமாவை விட்டு மார்க் இழக்கிற பிள்ளைகள் உண்டு.

குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா?

இதுவரை சொன்னது புத்தகத்தில் கிடைக்கும். இனிச் சொல்லப்போவது காதால் பழக வேண்டியது.

ஒரே வாலை இரண்டு விதமாகச் சொல்லலாம். “யூ ஆர் ஃப்ரம் சென்னை, ஆர்ன்ட் யூ?” என்று கடைசியில் குரலை ஏற்றினால் அது உண்மையான கேள்வி. கேட்பவருக்கு நிச்சயமில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறார். அதே வாக்கியத்தில் குரலை இறக்கினால் அவருக்கு ஏற்கெனவே தெரியும். ‘ஆமாம்’ என்று நாம் தலையாட்டினால் போதும் என்று எதிர்பார்க்கிறார்.

நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஓர் அதிகாரி, “இட்ஸ் வெரி ஹாட் டுடே, இஸ்ன்ட் இட்?” என்று குரலை இறக்கிக் கேட்பார். அவர் வானிலை அறிக்கை கேட்கவில்லை. படபடப்பாக வந்த பிள்ளையைச் சகஜமாக்குகிறார். “யெஸ், இட் இஸ், சார்” என்று புன்னகையோடு சொல்லி அமர்ந்தால் பேச்சு நல்லபடியாகத் தொடங்கிவிடும். இதைப் பெரிய கேள்வி என்று எண்ணி மௌனமாக நிற்பதும் தவறு, பாடம் ஒப்பிப்பதும் தவறு.

அதே குரல் இறக்கம் சில இடங்களில் குற்றம் சாட்டுவதாகவும் ஆகும். “யூ ஆர் லேட், ஆர்ன்ட் யூ?” என்று அழுத்தி இறக்கினால் ‘லேட்டாத்தானே வந்திருக்கே’ என்ற தொனி. வேலை பார்க்கும் இடத்தில் சக ஊழியரிடம் இந்தத் தொனி தெரியாமல் வந்துவிட்டால் மனவருத்தம் உண்டாகும். சொல்லில் பிழை இல்லை, இலக்கணத்திலும் பிழை இல்லை, குரலில் இருக்கிறது.

ஆமாமும் யெஸ்ஸும் ஒன்றல்ல

இப்போது, பின்னால் பார்ப்போம் என்று சொன்ன இடத்துக்கு வருகிறோம். கேள்வி கேட்பதில் பிழை செய்தால் கேட்பவர் புரிந்துகொள்வார். பதில் சொல்வதில் பிழை செய்தால் புரிந்துகொள்ள மாட்டார். தவறாகப் புரிந்துகொண்டோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் கேட்கிறார்: “யூ ஹேவ்ன்ட் ஈட்டன் எனிதிங் திஸ் மார்னிங், ஹேவ் யூ?” தமிழில், ‘காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லைதானே?’

சாப்பிடாதவர் தமிழில் என்ன சொல்வார்? “ஆமா, சாப்பிடல.” அந்த ‘ஆமா’வை ஆங்கிலமாக்கி “யெஸ்” என்று சொல்லிவிட்டால், மருத்துவர் காதில் ‘சாப்பிட்டேன்’ என்று விழும். நடக்க வேண்டிய சிகிச்சை தள்ளிப்போகும்.

இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து. சாப்பிட்டுவிட்டவர் தமிழில், “இல்ல, ஒரு இட்லி சாப்பிட்டேன்” என்பார். அந்த ‘இல்ல’வை மட்டும் “நோ” என்று சொல்லி நிறுத்திவிட்டால், மருத்துவர் காதில் ‘சாப்பிடவில்லை’ என்று விழும். வயிற்றில் உணவோடு மயக்க மருந்து கொடுத்தால் அந்த உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். அதற்காகத்தான் அந்தக் கேள்வியையே கேட்கிறார்கள். ஒரு சொல், நேர் எதிராகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏன் இப்படி? தமிழில் ‘ஆமாம்’ என்பது, கேட்டவர் சொன்னது சரி என்று பொருள். அவர் ‘சாப்பிடவில்லை’ என்றார், ‘நீங்கள் சொன்னது சரி’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘யெஸ்’ கேட்டவரைப் பார்ப்பதே இல்லை, நடந்ததைத்தான் பார்க்கிறது. நடந்தது என்றால் யெஸ், நடக்கவில்லை என்றால் நோ. கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்து வந்தாலும் பதில் மாறாது.

மதரஸாவில் அரபு இலக்கணம் ஓதியவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. அரபியில் ‘நஅம்’ என்று ஒரு சொல், ‘பலா’ என்று ஒரு சொல். ‘நஅம்’ கேட்டதை அப்படியே ஏற்கும். கேள்வி எதிர்மறையாக இருந்தால் அந்த எதிர்மறையையும் சேர்த்து ஏற்றுவிடும். ‘பலா’ அந்த எதிர்மறையை உடைத்து, ‘இல்லை என்பது இல்லை, உண்டு’ என்று நிலைநாட்டும். அல்அஃராஃப் அத்தியாயத்தின் 172ஆவது வசனத்தில், நம் அனைவரிடமும் எடுக்கப்பட்ட உறுதிமொழிக்குப் பதில் ‘பலா’ என்றே வருகிறது. அங்கே ‘நஅம்’ வந்திருந்தால் பொருள் தலைகீழாகியிருக்கும் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். ஆக, நம் ‘ஆமாம்’ நஅமின் இனம். எதிர்மறைக் கேள்விக்கு ஆங்கிலம் சொல்லும் ‘யெஸ்’ பலாவின் இனம். இந்த ஒன்றை மனதில் வைத்தால் மறக்கவே மறக்காது.

பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மனிலும் எதிர்மறையை உடைப்பதற்கென்றே தனிச் சொல் உண்டு. ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் ‘யே’, ‘யெஸ்’ என்று இரண்டு சொற்கள் வேறுவேறு வேலை பார்த்தன. ‘யெஸ்’தான் எதிர்மறைக் கேள்விக்கான பதில். 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் மோர் இந்த வேறுபாட்டை வலியுறுத்தி எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ‘யே’ வழக்கொழிந்து எல்லா வேலையும் ‘யெஸ்’ தலையில் விழுந்துவிட்டது. எனவே நம் பிள்ளைகள் இங்கே குழம்புவது அறிவுக் குறைவு அல்ல. இரண்டு மொழிகள் இரண்டு விதமாகக் கணக்குப் போடுகின்றன, அவ்வளவுதான்.

தப்பிக்க ஒரே வழி

‘யெஸ்’, ‘நோ’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி நிறுத்தாதீர்கள். கூடவே வினையைச் சேர்த்துச் சொல்லுங்கள். சாப்பிடாதவர், “நோ, ஐ ஹேவ்ன்ட்.” சாப்பிட்டவர், “யெஸ், ஐ ஹேவ். ஐ ஏட் ஒன் இட்லி.”

இதில் ஒரு நன்மை இருக்கிறது. கேட்டவரின் வாலில் வந்த அதே துணைவினைதான் நம் பதிலிலும் வருகிறது. ‘ஹேவ் யூ’ என்று கேட்டால் ‘ஐ ஹேவ்’ அல்லது ‘ஐ ஹேவ்ன்ட்’. ‘டிட் யூ’ என்று கேட்டால் ‘ஐ டிட்’ அல்லது ‘ஐ டிட்ன்ட்’. வாலைக் காதில் வாங்கினால் பாதிப் பதில் கைக்கு வந்துவிடுகிறது. கொஸ்டின் டேக் படிப்பது வெறும் மார்க்குக்கு அல்ல என்று சொன்னது இதனால்தான்.

இந்தக் குறுவிடையில் ஒரு காவல் வைத்துக்கொள்ளுங்கள்: யெஸ்ஸுக்குப் பின்னால் ‘நாட்’ வராது, நோவுக்குப் பின்னால் ‘நாட்’ வராமல் இருக்காது. “யெஸ், ஐ ஹேவ்ன்ட்” என்று வாய் தொடங்கினால் உடனே நிறுத்தித் திருத்திக்கொள்ளலாம்.

இது நமக்குப் பழக்கமில்லாததும் அல்ல. தமிழில் யாரும் ‘ஆமா’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. ‘ஆமா, சாப்பிடல’, ‘இல்ல, சாப்பிட்டேன்’ என்று வினையைச் சேர்த்தே சொல்கிறோம். ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் கூச்சத்தில் வினையை விழுங்கி ‘யெஸ் சார்’, ‘நோ சார்’ என்று சுருக்கிவிடுகிறோம்.

இன்னும் சில இடங்களைச் சொல்கிறோம். விசா அதிகாரி, “யூ ஹேவ் நெவர் பீன் ரெஃப்யூஸ்ட் எ விசா, ஹேவ் யூ?” என்றால், மறுக்கப்படாதவர் சொல்ல வேண்டியது “நோ, நெவர்.” அங்கே ‘யெஸ்’ என்றால் ‘மறுத்திருக்கிறார்கள்’ என்று பதிவாகி, அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். கடைக்குப் போன் செய்யும் வாடிக்கையாளர், “யூ ஆர்ன்ட் ஓபன் ஆன் ஃப்ரைடே ஆஃப்டர்நூன், ஆர் யூ?” என்றால், ஜும்ஆ நேரத்தில் கடை மூடியிருப்பவர் “நோ, வி ஆர்ன்ட்” என்று சொல்ல வேண்டும். ‘யெஸ்’ என்று சொன்னால் அவர் வெயிலில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவார்.

கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. நர்ஸிங் படிக்கும் நம் பெண் பிள்ளைகளும், மருந்துக்கடையிலும் லேபிலும் வேலை பார்க்கும் தம்பிகளும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி தேர்வு எழுதுகிறார்கள். ஓஇடி பேச்சுத் தேர்வில் நோயாளியிடம் பேசுவது போல இரண்டு உரையாடல்கள் நடத்த வேண்டும். அங்கேயும் சரி, நிஜ ஆஸ்பத்திரியிலும் சரி, ‘யூ ஆர் நாட் அலர்ஜிக், ஆர் யூ?’ என்று எதிர்மறையில் கேட்காதீர்கள். “ஆர் யூ அலர்ஜிக் டு எனி மெடிசின்?” என்று நேராகக் கேளுங்கள். வளைகுடா ஆஸ்பத்திரியில் மருத்துவர் எகிப்துக்காரராக இருப்பார், நர்ஸ் பிலிப்பைன்ஸ்காரராக இருப்பார், நோயாளி நம்மூர்க்காரராக இருப்பார். மூவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. வால் இல்லாத நேர்க்கேள்விதான் மூவருக்கும் பாதுகாப்பு.

பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வாப்பாமார்களுக்கும் உம்மாமார்களுக்கும் சொல்கிறோம். மொழிபெயர்த்துச் சொல்லும் பிள்ளை ‘யெஸ்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், “முழுசாச் சொல்லுமா” என்று தட்டிக்கொடுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. பதில் ஒற்றைச் சொல்லில் நிற்கிறதா, வினையோடு வருகிறதா என்று கேட்டாலே போதும்.

வீட்டில் செய்து பாருங்கள்

கீழே எட்டு வாக்கியங்கள். பெரியவர் ஒருவர் வாசிக்க, பிள்ளைகள் வாலை ஒட்டட்டும். விடைகளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

1. யுவர் ப்ரதர் லிவ்ஸ் இன் மதுரை, …?
2. ஷீ கான்ட் ஸ்விம், …?
3. தே ஹேவ் ஃபினிஷ்ட், …?
4. யூ நெவர் டோல்ட் மீ, …?
5. லெட்ஸ் ஸ்டார்ட், …?
6. எவ்ரிபடி நோஸ் ஹிம், …?
7. ஐ ஆம் யுவர் ஃப்ரெண்ட், …?
8. ஷீஸ் லெஃப்ட் தி ஹவுஸ், …?

விடைகள்: 1. டஸ்ன்ட் ஹீ 2. கேன் ஷீ 3. ஹேவ்ன்ட் தே 4. டிட் யூ 5. ஷல் வி 6. டோன்ட் தே 7. ஆர்ன்ட் ஐ 8. ஹேஸ்ன்ட் ஷீ.

இது முடிந்ததும் இரண்டாவது சுற்று ஆடுங்கள். ஒருவர் வேண்டுமென்றே எதிர்மறையில் கேட்கட்டும்: “யூ டிட்ன்ட் டிரிங்க் யுவர் மில்க், டிட் யூ?” பிள்ளை பால் குடித்திருந்தால் “யெஸ், ஐ டிட்.” குடிக்கவில்லை என்றால் “நோ, ஐ டிட்ன்ட்.” சாப்பாட்டு நேரத்தில் தினம் ஐந்து கேள்வி, ஒரு மாதம் பழகினால் வாய் தானாகச் சரியாகிவிடும். முதல் சுற்றை விட இந்த இரண்டாவது சுற்றுக்கே அதிக நேரம் கொடுங்கள்.

அன்பார்ந்த பிள்ளைகளே! மொழி என்பது அமானிதம் மாதிரி. நாம் சொல்ல நினைத்தது எதுவோ அது மாறாமல் அடுத்தவரிடம் போய்ச் சேர வேண்டும். அழகான உச்சரிப்பும் பெரிய பெரிய சொற்களும் நாளடைவில் வரட்டும். அதற்கு முன்னால், சாப்பிட்டதைச் சாப்பிட்டேன் என்றும், சாப்பிடாததைச் சாப்பிடவில்லை என்றும் ஐயமில்லாமல் சொல்லத் தெரிந்துகொள்வோம். அடுத்த அமர்வில் இன்ஷா அல்லாஹ் போனில் பேசும் முறையைப் பார்ப்போம். வரும்போது வீட்டில் பழகிய பத்துக் கேள்வி பதில்களை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.